திறந்தும் திறக்காத கடை

“என் கடைக்கு எவனோ பூட்டுப் போட்டுட்டான் மேடம். பூட்டு எங்கிட்டு இருக்குன்னுதான் தெரியல” என்றாள் மலையம்மாள்.

தல்லாகுளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். இங்கே வருகிறவர்கள் வழக்கமாக மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் வேறு யாரையாவது விரும்புகிறாளா என்றுதான் கேட்பார்கள். பூட்டுக் கேஸ் எங்களுக்குப் புதிது. என் முதலாளி ஜானு மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேஸ் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நான் பேயாண்டி, மேடத்தின் உதவியாளன். குலசாமி பேர், பயப்படத் தேவையில்லை.

“கடை எங்கே இருக்கு?”

“உசிலம்பட்டியில. ஆனா யாவாரம் அம்புட்டும் போன்ல. வெப்சைட்டு வச்சிருக்கேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம்னா தாய்மாமன் சீர் கொண்டு போறாகள்ல? அந்தச் சீர்த்தட்டு, ஏலக்காய் மாலை எல்லாத்தையும் நாங்களே சோடிச்சு வீட்டுக்கே அனுப்பிருவோம். தையில திறந்தோம். பிச்சுக்கிட்டுப் போச்சு. மாசிக் கடைசியில படுத்துச்சு பாருங்க, எந்திரிக்கவே இல்ல.”

“இப்ப ஆடி. ஆவணி முகூர்த்தத்துக்கு இந்நேரம் ஆர்டர் குவியணுமே?”

“அதான மேடம்! எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு. ஆவணிக்கும் ஈ ஓட்டினா கடையை மூடிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்து சேருன்னுட்டாரு. அங்க எனக்கும் வேலை சொல்லி வச்சாச்சாம்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குப் போக மனசில்ல மேடம். இது நானா உண்டாக்கின கடை.”

“யார் மேல சந்தேகம்?”

“மதுரையில சேக் இஸ்மாயில்னு ஒரு பாய் இதே யாவாரம் பாக்குறாரு. எங்க ஊர்க்காரக அம்புட்டுப் பேரும் இப்ப அவருகிட்டதான் வாங்குறாக. ஆளை வச்சு ஏதோ வேலை பண்ணிட்டாரு. எங்கண்ணன் ஆண்டிச்சாமி, உசிலம்பட்டியில மாட்டு யாவாரி, இன்னைக்கே போயி அவரை ஒரு கை பாக்குறேன்னு குதிக்கிறாரு. சாயங்காலம் வரைக்கும் பொறுண்ணேன்னு கால்ல விழாத குறையாச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“அப்ப இது சாயங்காலம் வரைக்கும்தான் துப்பறியும் கேஸ் மேடம்” என்றேன். “அப்புறம் ஆஸ்பத்திரி கேஸ்.”

மேடம் என்னை முறைத்துவிட்டு, வெப்சைட்டைக் காட்டச் சொன்னார். மலையம்மாள் தன் போனில் விரலை வைத்தாள். கண் சிமிட்டுவதற்குள் கடை திறந்துவிட்டது. முதலில் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் இரு கை கூப்பி ‘வருக வருக’ என்று வரவேற்றார். அவருக்குக் கீழே தட்டுகளும் மாலைகளும் வரிசை கட்டி நின்றன. பார்க்கவே விசேஷ வீடு மாதிரி இருந்தது, எனக்குப் பசித்தது.

“நல்லாத்தானே திறக்குது? ஆர்டரே வரலையா?”

“வருது. சிங்கப்பூர்லருந்து வருது, துபாய்லருந்து வருது. அங்க இருக்கிற மாமன்மாருக இங்க நடக்கிற விசேஷத்துக்கு ஆர்டர் போடுறாக. ஆனா செக்கானூரணி, கருமாத்தூர்? ஒரு ஆளு கிடையாது.”

“ஊருக்குப் பூட்டு, வெளிநாட்டுக்கு மட்டும் சாவி” என்றேன் நான்.

மேடம் மெதுவாகத் திரும்பினார். “பேயாண்டி, நீ இப்ப சொன்னது ஜோக்கா?”

“ஆமா மேடம்.”

“ஜோக் மாதிரி இல்லை. துப்பு மாதிரி இருக்கு. கிளம்பு.”

மலையம்மாளை ஊருக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் நுழைந்தோம். சேக் இஸ்மாயில் கடையில் கூட்டம் அலைமோதியது. தாடியைத் தடவிக்கொண்டே எங்களை உட்கார வைத்தார், ஆளுக்கொரு நன்னாரி சர்பத் வரவழைத்தார். எதிராளி சர்பத் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும் என்று மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். குடித்துக்கொண்டே சந்தேகப்பட்டேன்.

“உசிலம்பட்டி மலையம்மாள் வெப்சைட்டைக் கெடுத்தது நீங்கதான்னு சொல்றாங்க பாய்” என்று மேடம் நேராகவே போட்டார்.

அவர் சிரித்தார். “அல்லா மேல ஆணையாச் சொல்றேம்மா, நான் ஒரு துரும்பைக்கூட நகட்டலை. சனங்க தானா வர்றாங்க.”

“என்ன சொல்லிக்கிட்டு வர்றாங்க?”

“‘பாய், அந்த உசிலம்பட்டிக் கடையை மூடிட்டாங்க போல’ன்னு சொல்லுவாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பாய் தாடியைத் தடவுவதை நிறுத்தினார். “ஆமான்னு சொல்லலை.”

“இல்லைன்னு?”

“அதையும் சொல்லலைம்மா. யாவாரிதானே.”

மேடத்துக்கு அந்த பதில் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. “உங்க போன்ல அந்தக் கடையைத் திறங்க, பார்ப்போம்.”

பாய் திறந்தார். வெள்ளைத் திரை வந்தது. நடுவில் ஒரு வளையம் சுற்றியது. நான் சர்பத்தைக் குடித்து முடித்தேன், வளையம் சுற்றியது. மேடம் சர்பத்தைத் தொடாமல் வைத்திருந்தார், அதையும் குடித்து முடித்தேன். வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாய் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“பார்த்தீங்களா? இந்தக் காலத்துல யாருக்கும்மா சபூர், பொறுமை இருக்கு? கதவைத் தட்டினா உடனே திறக்கணும். திறக்கலையா, அடுத்த கதவு. என் சைட்டைப் பார்த்துக்கிறது என் மக முபீனா. ரொம்பக் கண்டிசன். ‘அத்தா, உங்க மூஞ்சியைப் பார்க்கவா சனம் வருது’ன்னு என் போட்டோவையே போடவிடமாட்டேன்னுட்டா, பாருங்களேன்.”

மேடம் சட்டென்று எழுந்தார். “பாய், உங்க மகளுக்கு என் சலாம் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் கேட்டேன். “என்ன மேடம், விட்டுட்டு வந்துட்டீங்க? ஆள் சர்பத்தெல்லாம் குடுத்து வழியுறாரு!”

“அவர் வாசல்ல நிக்கலை பேயாண்டி. பக்கத்து வாசலைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அது குற்றமில்லை. கெட்டிக்காரத்தனம்.”

ஆரப்பாளையத்தில் தேனி பஸ் பிடித்தோம். நாகமலை தாண்டும்போது என் போனில் மலையம்மாளின் கடையைத் திறக்கச் சொன்னார் மேடம். வளையம் சுற்ற ஆரம்பித்தது. ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி உரித்துத் தின்றேன். பக்கத்து சீட்டில் கூடையோடு இருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

“அந்தச் சீர்த்தட்டுக் கடையா தம்பி? திறக்காது. எங்க நாத்தனா மகளுக்குப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. மூடிட்டாக.”

செக்கானூரணியில் திரையின் உச்சியில் கறுப்பாக ஒரு கீற்று வந்தது. கருமாத்தூரில் அது கொஞ்சம் தடித்தது. அவ்வளவுதான்.

“உள்ளே இருட்டா இருக்கு மேடம். கடைக்குக் கரண்டு போயிருச்சோ?”

மேடம் அந்தக் கறுப்புக் கீற்றை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்டார். “பேயாண்டி, நம்ம ஊர்ல ஒரு விசேஷம் நடந்தா கட்டாயம் என்ன நடக்கும்?”

“கறிச்சோறு மேடம்.”

“அதுக்கு அப்புறம்?”

“யாராவது ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போவாரு.”

“அந்த ஒருத்தரைத்தான் நாம இப்ப தேடிப் போறோம்.”

உசிலம்பட்டிக் கடை சின்னதுதான், ஆனால் பளிச்சென்று இருந்தது. ஐந்தாறு பெண்கள் தட்டுகளுக்கு ஜிகினா ஒட்டக் காத்திருந்தார்கள், அன்றைக்கு ஆர்டர்தான் இல்லை. சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, ரிப்பன் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் மைக்செட்.

“இது என்ன?”

“வெப்சைட்டுத் திறப்பு விழா மேடம்” என்றாள் மலையம்மாள் பெருமையாக. “ஊரைக் கூட்டிக் கெடா வெட்டிச் சோறு போட்டோம். அண்ணன் பஸ் ஸ்டாண்டு முக்குல பெரிய பிளக்ஸே வச்சாரு.”

“சரி. அன்னிக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனது யாரு?”

மலையம்மாள் வாயைப் பிளந்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

“எங்கண்ணன்தான். கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒரு பெரிசு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, ‘சீர்க்கடைங்கிறீக, அதுல தாய்மாமன் படத்தையே காணோமே’ன்னுருச்சு. அண்ணனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. கை நனைக்காமப் போயிட்டாரு மேடம். மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலசாமி கோயில்ல வச்சுத்தான் திரும்பப் பேசினாரு.”

நான் மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன். “ஆள் சிக்கிட்டான் மேடம்! மாசியில கடை படுத்துச்சு, மாசியில அண்ணன் வந்துட்டாரு. பழி வாங்கிட்டாரு!”

“பாதி சரி” என்றார் மேடம்.

அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதையோ பெரிதாக்கினார், மறுபடியும் பெரிதாக்கினார், நாற்காலியோடு பின்னால் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு மலையம்மாளை அருகே கூப்பிட்டுக் காதில் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். மேடம் மேலும் ஏதோ சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஆத்தாடி! இதை நான் எப்படி அவருகிட்ட சொல்லுவேன்? இதுக்கு நான் திருப்பூருக்கே போயிருவேன் மேடம்!”

வாசலில் புல்லட் சத்தம் கேட்டது. ஆண்டிச்சாமி இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் புத்தம் புது போன். மாட்டுச் சந்தையில் காளைகளையே அதட்டும் குரல் அவருக்கு.

“என்னம்மா, துப்புத் துலங்கிருச்சா? அந்த மதுரைக்காரன்தான? ஒரு வார்த்தை சொல்லுங்க, வண்டியைத் திருப்புறேன். என் தங்கச்சி ஊரை விட்டுப் போற நிலைமை வந்துருச்சு. எனக்கு மூணு நாளாச் சோறு இறங்கலை.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது. என் சந்தேகம் அங்கேயே ஆட்டம் கண்டது.

“ஆள் தெரிஞ்சுபோச்சு அண்ணே” என்றார் மேடம். “கடை வாசல்ல ஒருத்தன் மறிச்சுக்கிட்டு நிக்கிறான். கஸ்டமர் யாரையும் உள்ளே விடமாட்டேங்கிறான். அவன் மூஞ்சியை உங்க போன்லயே காட்டுறேன். என்ன, கொஞ்சம் பொறுமையாப் பார்க்கணும்.”

அவருடைய போனை வாங்கி எதையோ தட்டி, அவர் கையில் கொடுத்து, ரோட்டோரம் நிற்க வைத்தார். வளையம் சுற்றியது. ஆண்டிச்சாமி மீசையை முறுக்கினார். வளையம் சுற்றியது. அவர் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி நின்றார்.

“எம்புட்டு நேரம்மா நிக்கிறது? எனக்கே கிறுக்குப் பிடிக்குதே!”

“கஸ்டமருக்கும் அப்படித்தான் அண்ணே. பாருங்க, தலை தெரியுது.”

கறுப்புக் கீற்று வந்தது, தடித்தது.

“மண்டை!” என்று கத்தினார் ஆண்டிச்சாமி. “டை அடிச்ச மண்டை. பய வயசானவன்தான், மறைக்கிறான்.”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் வானத்தைப் பார்த்தார்.

“நெத்தி வருது. விபூதிப் பட்டை போட்டிருக்கான்... அப்ப பாய் இல்லையா? நம்மாளா? பட்டையைப் போட்டுக்கிட்டுச் செய்யுற வேலையைப் பாரு!”

“இன்னும் பாருங்க.”

“கூலிங் கிளாஸு! திருட்டு முழி தெரியக்கூடாதுன்னு மாட்டியிருக்கான் மாப்ள” என்று என்னிடம் சொன்னார். “களவாணின்னு நெத்தியிலயே எழுதி ஒட்டியிருக்கு. இவனையெல்லாம் நிக்க வச்சுத் தோலை உரிக்கணும்.”

மூக்கு வந்தது. ஆண்டிச்சாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது. மீசை வந்தது. அவர் கை தானாகத் தன் மீசைக்குப் போனது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, கூப்பிய இரண்டு கைகள் வந்தன.

“வருக வருக” என்று வாசித்தேன் நான். யாராவது வாசிக்க வேண்டுமே.

புளிய மரத்தில் ஒரு காக்கா கத்தியது.

“இது பஸ் ஸ்டாண்டு பிளக்சுக்குச் செஞ்ச அதே படம்” என்றார் மேடம் மெதுவாக. “உங்களைச் சமாதானப்படுத்த மலையம்மாள் பிளக்ஸ் கடையில போய் வாங்கி, அப்படியே கொண்டுவந்து முதல் பக்கத்துல ஏத்தியிருக்கு. போன்ல பார்க்கிற படம் சட்டைப் பையில போற கனம்தான் இருக்கணும். இது லாரியில ஏத்துற கனம். தட்டைப் பார்க்க வர்ற ஒவ்வொருத்தர் போனுக்கும் முதல்ல உங்க லாரி போய்ச் சேரணும். சிங்கப்பூர்ல லைன் வேகம், போயிருது. கருமாத்தூர்ல பாதி வழியில நின்னுருது. மலையம்மாள் போன் ஒருதடவை வாங்கின படத்தைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கு. அதனால அவளுக்கு மட்டும் எப்பவும் உடனே திறக்கும், குறை தெரியவே இல்லை.”

ஆண்டிச்சாமி புல்லட்டில் சாய்ந்து நின்றார். கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார் என்று மலையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அதே பயம்தான்.

“ஏந்த்தா சொல்லலை?” என்றார் தங்கையிடம்.

“எனக்கே இப்பத்தானண்ணே தெரியும். முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.”

“ஏன்?”

“நீங்க கோவிச்சுக்குவீக.”

அந்த வார்த்தை அவரை நன்றாகவே தைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். “நீ போயிருவியேன்னு ஊர்பூரா எதிரியைத் தேடிக்கிட்டு இருந்தேன். நானாத்தா மறிச்சுக்கிட்டு நின்னுருக்கேன்? எடுத்துருத்தா. முதல்ல அந்தப் படத்தை எடுத்து எறி.”

“எறிய வேணாம் அண்ணே” என்றேன் நான். கேஸ் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே வந்தவன், ஒரு வேலையாவது செய்ய வேண்டாமா? “அந்தப் படத்தை வாட்ஸ்அப்புல எனக்கு அனுப்பச் சொல்லுங்க. அதுல போய்ட்டு வந்தா எப்பேர்ப்பட்ட படமும் இளைச்சுரும். அதை எடுத்து அடியில, தட்டுகளுக்கெல்லாம் கீழே, சின்னதாப் போட்டுக்கலாம்.”

“மீசை தெரியுமா மாப்ள?”

“தெரியும். ஒவ்வொரு முடியா எண்ண முடியாது, அம்புட்டுத்தான்.”

மலையம்மாளே உட்கார்ந்து படத்தை மாற்றினாள். மேடம் என் போனைப் பிடுங்கி அதே ரோட்டோரத்தில் நின்று திறந்தார். தட்டுகள் மடமடவென்று வந்து விழுந்தன. ஜிகினாப் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். மலையம்மாள் ‘கடையை மூடலை, இப்பத் தட்டிப் பாருங்க’ என்று எழுதித் தன் ஸ்டேட்டஸில் போட்டாள். நாங்கள் கறிச்சோறு சாப்பிட்டோம். ஆண்டிச்சாமி என் இலையில் தன் கையாலேயே பரிமாறினார், களவாணி என்று யாரையும் இனி அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

மதுரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டர் மணியடித்தது. கருமாத்தூரிலிருந்து ஆர்டர். காதுகுத்துக்கு முழுச் சீர், பதினோரு தட்டு, ஏலக்காய் மாலை. மலையம்மாள் அதற்குள் தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அடியில் இருந்ததை மேடம்தான் வாசித்தார்: ‘தட்டில் தாய்மாமன் படம் ஒட்டித் தருவீர்களா?’

ஆண்டிச்சாமி துள்ளி எழுந்தார். “அப்படிக் கேளு! தருவோம்னு சொல்லுத்தா. எம்புட்டுப் பெருசா வேணும்? ஆளுயரத்துக்குப் போட்ருவோம். பிளக்ஸ் கடைப் பயலுக்கு நான் இப்பவே போன் போடுறேன்.”

“நகத்தளவுதாண்ணே” என்றாள் மலையம்மாள்.

ஜிகினாப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனிடம் அவள் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

“என்னத்தா?”

“நகத்தளவு. அதுக்கு மேல ஒரு நூல்கூடக் கிடையாது. தட்டுல இருக்கிற பழம் தெரியணும்ல?”

ஆண்டிச்சாமி புல்லட் சாவியைக் கையில் எடுத்தார். அவர் தங்கையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், சாவியை மறுபடியும் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

“சரித்தா” என்றார். “கடைக்காரி நீதான.”